இன்ஜுரி என்றால் காயம் மட்டும்தானா?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். 'இன்ஜுரி' என்றால் காயம் என்றே பள்ளிக்கூடத்திலிருந்து படித்து வந்திருக்கிறீர்கள். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தபோது, பிரிட்டிஷ் மன்னரின் ஆட்சி என்பது திரும்பத் திரும்ப நடந்த 'இன்ஜுரி'களின் வரலாறு என்று ஒரு வரி வந்திருக்கிறது. அங்கே காயம் என்று வைத்துப் படித்தால் ஒட்டவில்லை. அப்புறம், அந்தச் சொல்லுக்குள்ளேயே 'ஜூரி' உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டிருக்கிறது. இரண்டுக்கும் உறவு உண்டா, எந்தப் பொருள் முதலில் வந்தது, வூண்ட், ஹர்ட், ஹார்ம் என்று இத்தனை சொற்கள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: உடம்பில் விழும் அடிக்கும் நீதிக்கும் என்ன சம்பந்தம்? நான் ஆங்கில மொழியின் வரலாற்றைப் படித்தவன். சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்பது பல ஆண்டுகளாக என் தொழில். மருத்துவம் படிக்கவில்லை. அதனால் மருத்துவர்கள் இந்தச் சொல்லை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதை மட்டும் சொல்வேன், சிகிச்சைப் பக்கம் போகமாட்டேன்.

ஜூரியிலிருந்தே தொடங்கலாம், அதற்கான பதில் உறுதியானது. உறவு உண்டு. லத்தீனில் 'யூஸ்' என்றால் உரிமை, சட்டம், முறை. அதன் முன்னால் மறுப்பைக் காட்டும் 'இன்' சேர்ந்து 'இன்யூரியா' ஆனது. நீதியின் முன்னால் 'அ' சேர்ந்தால் அநீதி ஆகிறதே, அதே கட்டுமானம். அதே 'யூஸ்' வேரிலிருந்து 'யூராரே' என்ற வினையும் பிறந்தது, சத்தியம் செய்வது என்று பொருள். வழக்கைக் கேட்டு முடிவு சொல்லச் சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்ட குழு ஜூரி. சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்வது பெர்ஜுரி. ஜஸ்டிஸ், ஜட்ஜ் எல்லாம் இதே குடும்பம். ஆகவே ஜூரியும் இன்ஜுரியும் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தவை என்று சொல்ல முடியாது, ஒரே வேரின் இரண்டு கிளைகள். இதே சாடையில் ஏமாற்றும் சொற்களும் உண்டு. நீதிமன்றத் தடை உத்தரவைக் குறிக்கும் 'இன்ஜங்ஷன்' இந்தக் குடும்பம் இல்லை, அது 'இணை' என்ற பொருளுள்ள வேறொரு லத்தீன் வினையிலிருந்து வந்தது. 'ஜூஸ்' என்ற சொல்லும் அப்படித்தான். லத்தீனில் சாற்றுக்கும் 'யூஸ்' என்றே ஒலிக்கும் ஒரு சொல் இருந்தது, சட்டத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. பாய்மரம் முறிந்த கப்பலில் தற்காலிகமாக நடும் மரத்தை 'ஜூரி மாஸ்ட்' என்பார்கள், அந்த 'ஜூரி' எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

'யூஸ்' என்பதற்கும் பின்னால் போனால் தரை கொஞ்சம் ஆடத் தொடங்கும். ரிக்வேதத்தில் நலம் வேண்டும் வாழ்த்துத் தொடரில் வரும் 'யோஸ்', பழைய ஈரானிய மொழியான அவெஸ்தாவில் தூய்மைப்படுத்துவதைக் குறிக்கும் சொல்லின் முதல் பாதி, லத்தீன் 'யூஸ்' ஆகிய மூன்றும் ஒரே மூலத்தில் பிறந்தவை என்பதைப் பெரும்பாலான ஒப்பியல் அறிஞர்கள் ஏற்கிறார்கள். ஒலி அளவில் அது பொருந்துகிறது. ஆனால் நலம், தூய்மை, சட்டம் என்ற மூன்று பொருள்களையும் எது கோத்தது என்பதற்குச் சொல்லப்படும் விளக்கங்கள் எல்லாம் ஊகங்களே. குலையாமல் முறையாக இருக்கும் நிலை என்பதுதான் மூலப் பொருள் என்ற கருத்து எனக்குப் பிடித்தது. பிடித்திருக்கிறது என்பதாலேயே அதை உண்மை என்று உங்கள் கையில் கொடுக்க மாட்டேன்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் விளக்கம் இப்படி இருக்கும்: 'இன்ஜுரி' முதலில் அநீதி என்று பொருள்பட்டது, பிற்காலத்தில் காயம் என்று மாறிவிட்டது. இது பாதி உண்மைதான். ரோமானியச் சட்டத்தைத் திறந்து பார்த்தால் உடம்பு முதலிலிருந்தே அங்கே இருக்கிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுவில் தொகுக்கப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டம் அடிதடிக்கு விலை வைத்திருந்தது. சுதந்திர மனிதனின் எலும்பை முறித்தால் 300 ஆஸ், அடிமையின் எலும்பை முறித்தால் 150 ஆஸ். ஆஸ் என்பது அவர்களுடைய வெண்கலப் பண அலகு. அதற்கும் கீழே, ஒருவருக்கு 'இன்யூரியா' செய்தால் 25 ஆஸ். இந்தக் கடைசி விதி எவ்வளவு தூரம் நீளும் என்பதில் சட்ட வரலாற்று ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. கன்னத்தில் அறைவது போன்ற சின்ன அடியை மட்டும் குறித்தது என்று பலரும் படிக்கிறார்கள். எப்படிப் படித்தாலும், அறை வாங்கிய ஒரு கன்னம் இந்தச் சொல்லுக்குள் அப்போதே இருந்தது.

அந்த 25 ஆஸுக்கு என்ன ஆனது என்பதை அவுலுஸ் கெல்லியுஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் கி.பி. 2ஆம் நூற்றாண்டில், லாபியோ என்ற பழைய சட்ட அறிஞரை மேற்கோள் காட்டிப் பதிவு செய்திருக்கிறார். காலப்போக்கில் ஆஸ் மதிப்பிழந்து சில்லறைக் காசாகிவிட்டது. லூசியுஸ் வெராத்தியுஸ் என்ற பணக்காரர் தெருவில் போகும்போது எதிரில் வரும் சுதந்திரக் குடிமக்களின் கன்னத்தில் உள்ளங்கையால் அறைவாராம், அது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. பின்னாலேயே ஓர் அடிமை காசுப் பை தூக்கிக்கொண்டு வருவான். அறை விழுந்ததும் சட்டப்படி 25 ஆஸை அந்த இடத்திலேயே எண்ணிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இதைப் பார்த்துத்தான் நீதி நிர்வாகம் செய்த பிரேத்தர்கள் நிலையான தொகையைக் கைவிட்டு, ஒவ்வொரு வழக்கிலும் நேர்ந்த இழிவை மதிப்பிட நடுவர்களை அமர்த்தினார்கள் என்கிறார் கெல்லியுஸ். அந்த மனிதர் உண்மையில் இருந்தாரா, அல்லது சட்டம் மாறியதை விளக்கப் பிறந்த கதையா என்று இன்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் கதை காட்டும் விஷயம் துல்லியமானது. கன்னத்தின் வலி கொஞ்ச நேரத்தில் போய்விடும். கூட்டத்தின் நடுவில் அறை வாங்கிக் கையில் சில்லறையோடு நிற்கும் மனிதனுக்கு நேர்ந்தது அந்த வலியோடு முடிவதில்லை. அந்த மிச்சத்துக்கும் சேர்த்து ரோமானியர்கள் வைத்த பெயர்தான் 'இன்யூரியா'.

கி.மு. 81 அளவில் ரோமின் சர்வாதிகாரி சுல்லா கொண்டுவந்த சட்டம் மூன்று செயல்களை இந்தத் தலைப்பின் கீழ் வைத்தது: தள்ளி மோதுவது, அடிப்பது, ஒருவர் வீட்டுக்குள் பலவந்தமாக நுழைவது. முதல் இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்ற கேள்விக்கு ஒபீலியுஸ் என்ற சட்ட அறிஞர் சொன்ன பதில், வலித்தால் அடி, வலிக்காவிட்டால் மோதல் என்பது. ஆக, வலியே இல்லாத தொடுதலும் இன்யூரியா, யாரையும் தொடாமல் வீட்டுக் கதவை உடைத்து நுழைவதும் இன்யூரியா. உல்பியான் என்ற பிற்காலச் சட்ட அறிஞர் அதை ஒரே வரியில் முடித்தார்: முறைப்படி நடக்காத எதுவும் இன்யூரியா, குறிப்பாகச் சொன்னால் அவமதிப்பு. கி.பி. 533இல் ஜஸ்டினியன் பேரரசரின் பாடநூல் இந்தச் சொல்லுக்கு நான்கு பொருள்களை எடுத்து வைத்தது. முறைக்கு மாறான எதுவும் என்பது ஒன்று, அவமதிப்பு என்பது ஒன்று, பிறர் சொத்தைக் கெடுப்பதில் உள்ள குற்றம் என்பது ஒன்று, நீதிபதியே தவறாகத் தீர்ப்பளிக்கும் அநியாயம் என்பது ஒன்று. உங்களைக் குழப்பியது ரோமானிய மாணவர்களையும் குழப்பியிருக்கிறது, அதனால்தான் பாடத்தின் முதல் வரியிலேயே இதைப் பிரித்துச் சொன்னார்கள்.

இந்த இடத்தில், பட்ட அடி போதாதென்று அவமானமும் சேர்ந்துகொள்வதைச் சொல்லும் 'இன்ஸல்ட் டு இன்ஜுரி' என்ற ஆங்கிலத் தொடரைக் கவனிக்கலாம். இதன் மூலம் பெய்த்ருஸ் என்ற ரோமானியக் கவிஞரின் கதையில் இருக்கிறது. வழுக்கைத் தலையர் ஒருவரை ஈ கடிக்கிறது. அதை அடிக்கப்போய் அவர் தன் தலையிலேயே அறைந்துகொள்கிறார். ஒரு சின்னக் கடிக்கு உயிரையே எடுக்கப் பார்த்தாயே, இன்யூரியாவோடு அவமானத்தையும் சேர்த்துக்கொண்ட உனக்கு நீ என்ன செய்துகொள்ளப் போகிறாய் என்று ஈ கேட்கிறது. இங்கே இன்யூரியா என்பது தலைக்கு நேர்ந்த வலி, அவமானம் தனியாக நிற்கிறது. சட்டத்திலோ அவமானமே இன்யூரியாவின் உட்பொருள். ஒரே மொழிக்குள், கிட்டத்தட்ட ஒரே காலத்தில், இரண்டு பக்கமும் நின்ற சொல் இது.

ரோமாபுரிக்குப் பிறகு வழிகள் பிரிந்தன. பிரெஞ்சில் 'அன்ஜூர்' என்றால் இன்று வசவு, திட்டு. ஸ்பானிய மொழியிலும் போர்த்துகீசியத்திலும் அதே சொல் இழிவுபடுத்தும் பேச்சைக் குறிக்கிறது, அந்த நாடுகளின் சட்டத்தில் அது ஒரு குற்றத்தின் பெயரும்கூட. அவமதிப்பு என்ற கிளையை அவை வைத்துக்கொண்டன. ஆங்கிலத்துக்கு இது, பிரான்ஸிலிருந்து வந்த நார்மானியர்கள் இங்கிலாந்தை வென்ற பின் அங்கே நீதிமன்றங்களில் வழங்கிய பிரெஞ்சின் வழியாக 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. வந்த புதிதிலேயே அநியாயம், சேதம், இழப்பு என்ற பொருள்கள் கலந்தே கிடைக்கின்றன. இன்ன ஆண்டில் காயம் என்ற பொருள் பிறந்தது என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். அகராதிகள் தரும் ஆண்டு, எழுத்தில் தப்பிப் பிழைத்த முதல் சான்றின் ஆண்டு. பேச்சில் அதற்கு எவ்வளவு முன்பிருந்து வழங்கியது என்பதை எந்த அகராதியும் சொல்ல முடியாது.

பழைய ஆங்கிலத்தை வாசிக்கும்போது எந்தப் பொருள் மேலோங்கியிருந்தது என்பதற்கு நல்ல சான்று 1611இன் கிங் ஜேம்ஸ் பைபிள். திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல் தன் பழைய வாழ்க்கையைப் பற்றிச் சொல்லும்போது, தூஷித்தவன், துன்புறுத்தியவன் என்ற வரிசையில் மூன்றாவதாக 'இன்ஜூரியஸ்' என்று வருகிறது. கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது ஆணவத்தோடு பிறரை இழிவுபடுத்துகிறவனைக் குறிக்கும் சொல். கலாத்தியருக்கு, நீங்கள் எனக்கு எந்த அநியாயமும் செய்யவில்லை என்று எழுதும் இடத்திலும் 'இன்ஜூர்' என்ற வினைதான் வருகிறது. அதே வாசிப்புதான் 1776இன் பிரகடனத்துக்கும் வேண்டும். நீங்கள் பார்த்த வரியில் 'இன்ஜுரி'க்குப் பக்கத்திலேயே உரிமைப் பறிப்பு என்ற பொருளில் இன்னொரு சொல்லும் நிற்கிறது. கொஞ்சம் கீழே போனால், நாங்கள் கொடுத்த மனுக்களுக்கெல்லாம் பதிலாகக் கிடைத்தது மீண்டும் இன்ஜுரிதான் என்று இன்னொரு இடமும் உண்டு. அங்கே அநீதி, கொடுமை என்று வைத்துப் படித்துப் பாருங்கள், தடங்கல் இல்லாமல் ஓடும். இன்றைய ஆங்கிலத்திலும் இதன் எச்சம் இருக்கிறது. ஒருவர் 'இன்ஜூர்ட்' குரலில் பேசினார் என்றால் தொண்டையில் புண் என்று அர்த்தமில்லை, தனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்ற மனத்தாங்கல் குரலில் தெரிகிறது.

சட்ட ஆங்கிலம் இந்த வேறுபாட்டை இன்றுவரை விடாமல் காப்பாற்றுகிறது. இங்கிலாந்தில் 1410இல் ஒரு வழக்கு. குளூஸ்டர் நகரில் ஏற்கெனவே பள்ளி நடத்தி வந்த ஆசிரியர்களுக்குப் போட்டியாக இன்னொருவர் பள்ளி திறந்தார். 40 பென்ஸாக இருந்த கட்டணம் 12 பென்ஸுக்கு இறங்கியது. பழைய ஆசிரியர்களுக்கு நஷ்டம் உண்மை, கணக்குப் போட்டுக் காட்டக்கூடிய நஷ்டம். ஆனால் போட்டியாகப் பள்ளி திறப்பது யாருடைய உரிமையையும் மீறுவதில்லை என்பதால் வழக்கு நிற்கவில்லை. நஷ்டம் உண்டு, இன்ஜுரி இல்லை. இதற்கு நேர் எதிரானது 1703இன் ஆஷ்பி வழக்கு. வாக்குரிமை உள்ள ஒருவரைத் தேர்தல் அதிகாரி வாக்களிக்க விடவில்லை. அவருக்குக் காசு நஷ்டம் எதுவும் இல்லை. தலைமை நீதிபதி ஹோல்ட், ஒரு பைசா செலவாகாவிட்டாலும் ஒவ்வொரு இன்ஜுரியும் ஒரு சேதத்தை உள்ளடக்கியிருக்கிறது என்றார். அவருடைய நீதிமன்றத்தில் அது சிறுபான்மைக் கருத்தாகவே இருந்தது, மேல்முறையீட்டை விசாரித்த பிரபுக்கள் சபைதான் பிறகு அதை ஏற்றது. இந்த இரண்டு வழக்குகளையும் சேர்த்துப் படித்தவர்களுக்கு இந்தச் சொல் மறுபடி குழம்பாது. 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தின் 44ஆவது பிரிவும், உடல், மனம், நற்பெயர், சொத்து ஆகிய எதிலும் சட்டவிரோதமாக ஏற்படுத்தப்படும் தீங்கு என்றே இன்ஜுரிக்கு இலக்கணம் சொன்னது. அதன் இடத்தில் இப்போது வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் அதையே வைத்திருக்கிறது. விபத்து இழப்பீட்டு வழக்குகளில் 'பர்சனல் இன்ஜுரி' என்று அடைமொழி போட வேண்டியிருப்பதற்கும் காரணம் இதுவே. சட்டத்தில் வெறும் இன்ஜுரி என்றால் உடம்பைத்தான் சொல்கிறது என்று கொள்ள முடியாது.

மற்ற சொற்கள் வேறு வேறு ஊற்றிலிருந்து வந்தவை, அதனால் அவை பார்க்கும் கோணமும் வேறு. வூண்ட் பழைய ஜெர்மானியச் சொல், தோலும் சதையும் பிளந்த இடம். இதை இங்கிலாந்து நீதிமன்றங்கள் மிகக் கறாராகப் பிடித்துக்கொண்டன. 1980களின் தொடக்கத்தில் ஒரு வழக்கில், ஏர் கன் குண்டு ஒரு சிறுவனின் கண்ணருகே பட்டது. கண்ணுக்குள்ளே இரத்தக் குழாய்கள் வெடித்தன, புருவத்துக்குக் கீழே கன்றிப்போனது, ஆனால் மேல்தோல் முதல் உள்தோல் வரை முழுதாகக் கிழியவில்லை. ஆகவே சட்டப்படி அது வூண்ட் இல்லை என்று தீர்ப்பானது. அவ்வளவு பெரிய இன்ஜுரி, வூண்ட் மட்டும் இல்லை. ஹர்ட் பழைய பிரெஞ்சில் முட்டுவதை, மோதுவதைக் குறித்தது. வேகமாகப் பாய்ந்து வருவதைச் சொல்லும் 'ஹர்ட்டில்' அதன் உடன்பிறப்பு. பிரெஞ்சுக்கு அது எங்கிருந்து வந்தது என்பது இன்னும் தீராத விவாதம். ஹார்ம் பழைய ஆங்கிலத்தில் துக்கத்தையும் குறித்தது, ஜெர்மன் மொழியில் அந்தப் பொருள் இன்றும் உண்டு. டேமேஜ் இழப்பு என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது, ட்ராமா கிரேக்கத்தில் நேராகவே புண்தான்.

இந்தக் கூட்டத்தில் நான் நின்று பார்க்க விரும்பும் சொல் ஒன்று உண்டு, மேஹெம். இன்று பெரும் களேபரத்துக்கு வழங்கும் இந்தச் சொல், உறுப்பை ஊனமாக்குவது என்ற பொருளுள்ள 'மெய்ம்' என்பதன் இன்னொரு வடிவம். இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில் இது ஒரு குற்றம். கை, விரல், கண், முன்பல் ஆகியவற்றை இழக்கச் செய்தால் மேஹெம். காதையோ மூக்கையோ அறுத்தால் அது மேஹெம் இல்லை என்று பிளாக்ஸ்டன் என்ற ஆங்கிலச் சட்ட அறிஞர் 18ஆம் நூற்றாண்டில் விளக்குகிறார். காது போனால் முகம்தான் கெடும், மனிதனின் சண்டையிடும் பலம் குறையாது என்பது காரணம். எந்த உறுப்பு போனால் எவ்வளவு இழப்பு என்ற கணக்கை, வலியை வைத்துப் போடாமல் தற்காப்புத் திறனை வைத்துப் போட்டிருக்கிறார்கள். அன்றைய சமூகத்தில் ஓர் ஆணின் உடம்பு எதற்காக மதிக்கப்பட்டது என்பது அந்த முன்பல்லில் தெரிகிறது.

கடைசியாக மருத்துவம். அங்கேதான் இந்தச் சொல்லிலிருந்து குற்றம் என்ற பொருள் உதிர்ந்துபோனது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜேம்ஸ் கிப்சன், வில்லியம் ஹாடன் போன்ற ஆய்வாளர்கள் இன்ஜுரியை ஆற்றலின் கணக்காக விளக்கினார்கள். உடம்பின் திசு தாங்கும் அளவுக்கு மேல் இயக்க ஆற்றலோ வெப்பமோ மின்சாரமோ வந்து சேர்ந்தால் நேர்வது இன்ஜுரி. நீரில் மூழ்குவதுபோல ஆக்சிஜன் கிடைக்காமல் போவதையும் அதோடு சேர்த்துக்கொண்டார்கள். யார் தப்பு என்ற கேள்விக்கு அந்த விளக்கத்தில் இடமில்லை. அதில் ஒரு நன்மை இருந்தது. விதி, துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடாமல், இருக்கைப் பட்டை கட்டுவது, சாலையின் அமைப்பை மாற்றுவது என்று தடுக்கும் வழிகளைத் தேட முடிந்தது. அதே காரணத்துக்காக 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், தற்செயல் என்ற தொனியுள்ள 'ஆக்சிடென்ட்' என்ற சொல்லைத் தன் பக்கங்களில் தவிர்க்கப்போவதாக அறிவித்தது. அடி படாத இடத்துக்கும் இந்தச் சொல் போய்விட்டது. சிறுநீரகம் திடீரென்று வேலைநிறுத்தம் செய்யும் நிலையை முன்பு செயலிழப்பு என்ற சொல்லால் குறித்தார்கள். 2000களின் நடுப்பகுதியிலிருந்து அதையே 'அக்யூட் கிட்னி இன்ஜுரி' என்கிறார்கள். முழுச் செயலிழப்புக்கு முன்னாலேயே தொடங்கிவிடும் சின்னச் சின்னச் சரிவுகளையும் கணக்கில் எடுக்க அந்தப் பெயர் வசதியாக இருக்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். கடுமையான நீர்ச்சத்து இழப்பாலும் அது வரலாம், சில மருந்துகளாலும் வரலாம். மருத்துவ அறிக்கையில் வரும் இந்தப் பெயரைத் தமிழில் எழுதும்போது காயம் என்று போட்டால், வெளியிலிருந்து யாரோ அடித்ததுபோல நோயாளியின் வீட்டார் புரிந்துகொள்வார்கள். பாதிப்பு என்று எழுதுங்கள்.